தூவுகிற மாவு

சர்க்கரைக் குக்கீ செய்வதற்கெல்லாம் ஒருத்தி பயப்படுவாளா என்று கேட்டால், இந்த அத்தை பயந்தாள். சும்மா பேச்சுக்குச் சொல்லும் பயம் இல்லை. வெண்ணெயை எடுத்து வெளியே வைக்கும்போதே பிடித்துக்கொள்கிற பயம். ஏனென்றால் அவள் செய்வது அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு. அந்தக் குழந்தைக்குப் பாதாம், முந்திரி, வேர்க்கடலை என்று எந்தப் பருப்பும் ஆகாது.

ஆகாது என்றால் கொஞ்சம் அரிக்கும், நாலு தும்மல் வரும், அவ்வளவுதானே என்று சொல்கிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை அன்றைக்கு அந்த வீட்டில் நிற்க வைத்திருக்க வேண்டும். குழந்தை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. வந்திருந்த யாரோ ஆசையாக ஒரு பாதாம் சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுவிட்டார்கள். அத்தையின் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கியது, கண் இடுங்கியது, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அண்ணி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைக்கு வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அந்த விசில் சத்தம் அத்தையின் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

அன்றிலிருந்து அண்ணி மாறிப்போனாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், ஏற்கெனவே எந்தப் பெட்டியையும் திருப்பிப் பின்பக்கம் படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். இப்போது தண்ணீர் பாட்டிலைக்கூடப் படித்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் குழந்தைக்குத் தனி டப்பா, தனி ஸ்பூன். இடுப்புப் பையில், மூச்சு அடைத்தால் உடனே தொடையில் போட, பேனா மாதிரி ஓர் ஊசி. குழந்தையும் அதற்கேற்றபடி வளர்ந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும், மெல்லிய குரலில் பேசும். அதனால் அண்ணன் வைத்த பெயர் சுண்டெலி.

அத்தைக்குத் தாங்க முடியாதது ஒன்றுதான். தன் கையால் செய்த எதையும் அந்தக் குழந்தை இதுவரை ஒரு வாய் சாப்பிட்டதில்லை. மற்ற பிள்ளைகள் கடைக் குக்கீயைக் கடித்துக்கொண்டு திரியும்போது சுண்டெலி தன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அத்தையால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. போகும்போதும் வரும்போதும் கேட்பாள்.

"அத்தை செஞ்சு குடுத்தா சாப்பிடுவியாடா கண்ணு?"

சுண்டெலி அம்மா முகத்தைப் பார்ப்பாள். பிறகு சரி என்று தலையை ஆட்டுவாள்.

"வேணாம்னு சொல்லிடாத. அத்தை அழுதுடுவேன்."

மறுபடியும் தலையாட்டல். அத்தைக்கு அது போதும்.

அண்ணி சம்மதிப்பாளோ மாட்டாளோ, முதலில் கையைப் பழக்கிவிடலாம் என்று அத்தை ஆரம்பித்தாள். அவள் துணி திருத்தும் கடையில் தையல் வேலை செய்கிறவள். அரை நூல் விலகினால் பிரித்துத் தைப்பாள். அந்தக் கைக்கு இந்தக் குக்கீ அடங்கவே இல்லை. முதல் தடவை வெண்ணெய் உருகிவிட்டது. நட்சத்திரமாக வெட்டி உள்ளே வைத்தாள், அடுப்பிலிருந்து சப்பட்டையாக ஏதோ வந்தது.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன இது, என் வண்டி டயர்ல மாட்டுனதா?"

"பேசாம தின்னுங்க."

அடுத்த தடவை மாவை அதிகமாகப் பிசைந்துவிட்டாள். கடித்தவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். "தாயே, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?"

ஆனாலும் அவள் விடவில்லை. வெண்ணெய் விரல் பதிகிற பதத்தில் இருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது என்று கண்டுபிடித்தாள். பிசைந்த மாவை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். வெட்டிய பிறகு தட்டோடு இன்னொரு தடவை குளிரவைத்தால்தான் முனை முனையாக நிற்கும். ஓரம் லேசாகச் சிவக்க நினைக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். சிவந்த பிறகு எடுத்தால் போச்சு. ஒருநாள் வீட்டுக்காரர் எந்தக் கிண்டலும் பண்ணாமல் தட்டைக் காலி பண்ணினார். அன்றைக்குத்தான் அவள் அண்ணியிடம் பேசினாள்.

அண்ணி உடனே சரி என்று சொல்லவில்லை. நேரில் வந்தாள். அத்தை சும்மா இருந்தாளா? அதற்கு முன்பே வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தாள். அலமாரியைக் கழுவினாள். புதுத் தட்டு, புது உருளைக்கட்டை, புதுச் சல்லடை, பிரிக்காத சர்க்கரை, பிரிக்காத மைதா. அண்ணி ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்தாள். கடைசியில் மேடை ஓரத்தில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பா கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"அது தூவுற மாவு அண்ணி. தேய்க்கும்போது பலகைல ஒட்டாம இருக்கத் தூவுறது. வெறும் மைதாதான்."

அண்ணி அதைக் கையில் எடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். வைத்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "ஆனா அவளும் எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவங்க வாயப் பாத்துட்டு இருப்பா? நீ செய். உன்ன நம்பித்தான் விடறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டு அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

பிறந்தநாள் அன்று கடைக்கு லீவு போட்டாள். காலையிலேயே தேய்த்து, வெட்டி, சுட்டு, ஆறவைத்து, மேலே நீலச் சர்க்கரைப் பூச்சு பூசினாள். நட்சத்திரங்கள் முனை மழுங்காமல் வந்தன. அண்ணன் மத்தியானம் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, "என்னம்மா, கடையே வெச்சிடலாம் போல இருக்கே!" என்று சிரித்துவிட்டுப் போனான். குளித்து உடை மாற்றிக்கொண்டு பின்னாலேயே வருவதாக அத்தை சொன்னாள்.

அதற்கு முன் மேடையைத் துடைத்துவிடலாம் என்று நின்றாள். இங்கேதான் அவளுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கையகலத் துணி மிஞ்சினாலும் தூக்கிப் போட மனசு வராத பிறவி அவள். பலகையில் மிஞ்சுகிற மாவையும் போட மாட்டாள். கூட்டி எடுத்து, சலித்து, திரும்ப அந்தத் தகர டப்பாவிலேயே கொட்டி வைப்பாள். அடுத்த தடவை தூவ ஆகும். எத்தனையோ நாளாக அப்படித்தான். சமையலில் சேர்கிற சாமான் என்று அதை அவள் எண்ணியதே இல்லை. கைப்பிடித் துணி, கரித்துணி மாதிரி அதுவும் மேடையில் கிடக்கிற ஒன்று, அவ்வளவுதான்.

இன்றைக்கும் கூட்டினாள். புதுச் சல்லடையில் போட்டுத் தட்டினாள். பழைய சல்லடை கண் பெரிது, எதுவும் நிற்காது. இது நைஸ் சல்லடை. மாவு இறங்கியது. மேலே எதுவோ தங்கியது.

பழுப்பாக, பொடிப்பொடியாக. உமி என்று நினைத்தாள். விரலில் ஒற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். நசுக்கினாள். எண்ணெய்ப் பசை விரலில் மினுங்கியது.

பாதாம் தோல்.

வீட்டுக்காரரின் டெப்போ ஆட்களுக்காக முன்பு ஒரு தடவை பாதாம் பிஸ்கட் போட்டிருந்தாள். தோலோடு பொடித்துப் பிசைந்து, இதே பலகையில் தேய்த்தாள். பலகையைச் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவியாயிற்று. உருளைக்கட்டையை மாற்றியாயிற்று. ஆனால் அன்றைக்கு மிஞ்சிய மாவைக் கூட்டி, சலித்து, எங்கே கொட்டினாள்?

அந்தத் தகர டப்பாவில்தானே. இன்றைக்குத் தூவியதும் அதிலிருந்துதானே. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மேலே ஒரு தூவல், புரட்டி அடியில் ஒரு தூவல். தாராளமாகத் தூவினாள் பாவி. ஒட்டக் கூடாதே, முனை உடையக் கூடாதே என்று கை கொள்ளாமல் தூவினாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணிக்குப் போட்டாள். அதுவும் அடித்து நின்றது. மறுபடி அண்ணன். எடுடா, எடுடா, எடுத்துத் தொலைடா. எடுக்கவில்லை. வீட்டில் பாட்டு போட்டிருப்பார்கள், பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள், போன் எந்த மூலையில் கிடக்கிறதோ. வீட்டுக்காரர் எங்கோ பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மாவுக் கையோடு, வீட்டுச் செருப்போடு, கதவைச் சாத்தக்கூட நிற்காமல் அவள் ஓடினாள்.

அண்ணன் வீடு பெரிய சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துத் தெருவில். நடந்தால் பக்கம்தான். அன்றைக்கு அந்தத் தெரு முடியவே மாட்டேன் என்றது. ஒரு செருப்பு வார் அறுந்து விழுந்தது, இன்னொன்றையும் உதறிவிட்டாள். எதிரே வந்தவர் என்னவோ கேட்டார், காதில் ஏறவில்லை. காதில் அந்த விசில்தான் கேட்டது.

சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் நின்று தவித்தபோது மனசு என்னென்னவோ பேசியது. பாதாம் கொஞ்சூண்டுதானே. அடுப்புச் சூட்டில் போயிருக்காதா? ஒருவேளை இன்னும் டப்பாவையே திறக்காமல் இருந்தால்? நேரே உள்ளே போய், கால் தடுக்கின மாதிரி டப்பாவைக் கீழே தட்டிவிட்டால்? ஐயோ உடைஞ்சிடுச்சே என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அண்ணிக்குத் தெரியவே வேண்டாம். அடுத்த தடவை எல்லாம் சரியாகச் செய்துகொள்ளலாம். அப்படியும் ஒரு நினைப்பு வந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வந்தது. உயிர் போகிற நேரத்திலும் மானம் போகாமல் இருக்க வழி தேடுகிற ஜென்மம்தானே மனிதர்கள்.

வண்டிகள் நின்றன. ஓடினாள்.

வாசலில் முதலில் எதிர்ப்பட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவளைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டியது. நாக்கு முழுக்க நீலம். உள்ளே இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உதடு நீலம், பல் நீலம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் டப்பா காலியாகக் கிடந்தது.

தட்டிவிடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அண்ணி கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அத்தை பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. இப்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா! இப்பதான் வர நேரம் கெடச்சுதா? எல்லாம் தீந்துபோச்சு!"

"அண்ணி, பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிடாம? முதல் ஆளா எடுத்தாளே! எனக்குத்தான் பக்குனு இருந்துச்சு. என் முன்னாடியே வாய்ல வெச்சா. நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற? செருப்பு எங்க?"

அந்தச் சிரிப்பை அத்தை தன் கையாலேயே அழிக்க வேண்டும். அழித்துத்தான் ஆக வேண்டும்.

"அண்ணி, ஊசிய எடுங்க. நான் தூவின மாவுல பாதாம் கலந்திருக்கு. இப்பதான் பாத்தேன். ஊசிய எடுங்க அண்ணி!"

அண்ணி கத்துவாள் என்று நினைத்தாள். அண்ணி கத்தவில்லை. முகம் வெளிறிப்போனது. கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. அண்ணன் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினான். திடீரென்று வந்த அமைதியில் பிள்ளைகள் பயந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"சுண்டெலி எங்க? சுண்டெலி!"

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அண்ணி மண்டியிட்டு அவளைப் பிடித்து இழுத்தாள். கழுத்தைத் தடவினாள், கண்ணை விரித்துப் பார்த்தாள்.

"தொண்ட எப்படி இருக்கு? அரிக்குதா? மூச்சு விடு. அம்மா பாத்து மூச்சு விடு."

குழந்தை பேசவில்லை. அவள் பார்வை அத்தை மேலேயே இருந்தது. அண்ணி ஊசியின் மூடியைக் கழற்றினாள், கவுனைத் தொடைக்கு மேலே தூக்கினாள். அப்போதுதான் அந்த மெல்லிய குரல் வந்தது.

"நான் சாப்பிடல."

"ஊசிக்குப் பயந்து சொல்றா," என்றான் அண்ணன். "போட்டுடு, யோசிக்காத."

"நான் பாத்தேன்டி, வாய்ல வெச்சியே!" என்றாள் அண்ணி.

"சாப்பிடல. நெசமா சாப்பிடல." குழந்தை விசும்ப ஆரம்பித்தாள். விசும்பலில் மூச்சு ஏறி இறங்கியது. அது அழுகையா, அந்தப் பழைய சனியனா என்று யாருக்குத் தெரியும்? அண்ணியின் கை மேலே போனது.

"அண்ணி, ஒரு நிமிஷம்!" அத்தை பாய்ந்து குழந்தையின் முகவாயைப் பிடித்தாள். "கண்ணு, நாக்க நீட்டு. அத்தைக்குக் காட்டு. நல்லா நீட்டு."

சுண்டெலி நாக்கை நீட்டினாள். சுத்தமான நாக்கு. கண்ணீர் வழிந்து உப்புக்கரித்த உதட்டிலும் நீலம் ஒரு பொட்டுக்கூட இல்லை. சுவரோரம் நின்ற பிள்ளைகள் அத்தனை பேர் வாயும் மை குடித்த மாதிரி இருந்தது.

"எங்கடா வெச்ச?"

குழந்தை விரலை நீட்டினாள். செருப்பு அலமாரியில் அவளுடைய மழைக்கால ரப்பர் பூட்ஸ். அண்ணன் அதை எடுத்துக் கவிழ்த்து உதறினான். நட்சத்திரம் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. எந்த முனையிலும் பல் பட்டிருக்கவில்லை.

அண்ணி ஊசியைக் கீழே வைத்தாள். ஆனால் மூடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தாள், முகத்தைக் கழுவினாள், கவுனை மாற்றினாள். அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எது தெரிந்தாலும் உடனே ஊசியைப் போட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். பலூன் கட்டிய கூடத்தில் குழந்தையை நடுவில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. விசில் இல்லை. இன்னும் இல்லை. கையில் ஒரு தடிப்பும் இல்லை. வெயில் சாய்கிற வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

பிறகுதான் அண்ணி ஊசியை மூடினாள்.

"உன்கிட்டக் கேட்டேன்," என்றாள். சத்தமே இல்லை. "அந்த டப்பாவக் கைல எடுத்துக் கேட்டேன். வெறும் மைதான்னு சொன்ன."

"ஆமா அண்ணி. நான்தான் சொன்னேன்."

தெரியாமல் சொன்னேன், பழக்கத்தில் செய்துவிட்டேன், வேண்டுமென்றா செய்வேன் என்று எவ்வளவோ வந்தது. அத்தை எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"நான் உன்ன நம்பிட்டேன். பெத்தவ நானே நம்பிட்டேன். அவ நம்பல பாரு. அதனாலதான் இங்க உக்காந்திருக்கா." அண்ணிக்கு அதற்கு மேல் முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அண்ணன் அத்தையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனான்.

அத்தை தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஓடிவந்ததில் உள்ளங்கால் கிழிந்து எரிந்தது. சுண்டெலி மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, கோவமா?"

"உன்மேலயா? எதுக்குடா?"

"சாப்பிட்ட மாதிரி நடிச்சேன்ல."

"ஏன் நடிச்ச? வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

குழந்தை கவுன் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். "வேணாம்னா நீ அழுவேன்னு சொன்ன. எப்பவும் சொல்லுவ. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. அம்மா வேற சிரிச்சாங்க. எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, அத்தை. வாய்கிட்ட கொண்டுபோனப்ப கூடப் பயமா இருந்துச்சு. கொஞ்சமா கடிச்சுக்கலாமான்னு பாத்தேன், நீ பாவம்னு."

சல்லடையில் அந்தத் தோலைப் பார்த்தபோது அத்தைக்கு வந்ததைவிடப் பெரிய பயம் இது. வாய்க்கு அருகே கொண்டுபோயிருக்கிறாள். நீ பாவம் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்சமாகக் கடித்திருப்பாள். மாவு டப்பாவை மட்டும்தான் தப்பு என்று இத்தனை நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாளே.

குழந்தையைத் தொடலாமா என்று தயங்கினாள். தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் மாவு இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இங்க பாரு. நல்லாக் கேட்டுக்கோ. பயமா இருந்தா சாப்பிடக் கூடாது. யாரு குடுத்தாலும் சரி. எவ்வளவு கெஞ்சினாலும் சரி. நான் குடுத்தாலும் சாப்பிடாத."

"அப்ப நீ அழ மாட்டியா?"

அத்தை பொய் சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்கு அது வரவில்லை.

"அழுவேன்," என்றாள். "அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்காக நீ சாப்பிடாத."